பேர் போன ஊர்

சுகிர்தா அந்தப் பட்டியலை அழித்தது ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அதே பதினொன்றே காலுக்கு, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வெள்ளைமேட்டு உப்பளத்தில் உப்புப் பெட்டியைத் தலைக்குத் தூக்கிவிடச் சொல்லிப் பக்கத்துப் பாத்திக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்த ஒருத்தி திறந்த வாய் மூடாமல் நின்றாள், ஏனென்றால் இருபது வருஷமாகக் கூப்பிட்டு வந்த பெயர் நாக்கில் இல்லை, தொண்டையில் இல்லை, நெஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவினாலும் இல்லை. "ஏளா, ஒம்பேரு என்னளா?" என்று அவள் கேட்க, மற்றவள் சிரித்துக்கொண்டே சொல்ல வந்து, சிரிப்பு பாதியில் நின்று, "எனக்கும் தெரியலயேட்டி" என்றாள். மத்தியானக் கஞ்சிக்கு உட்காருவதற்குள் இருநூற்றுப் பதினாலு பேருக்குப் பெயர் போயிருந்தது.

போனது என்றால் சும்மா மறந்துபோனதில்லை, அடியோடு போனது. ரேஷன் கார்டில் பெயர் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது, வாக்காளர் அட்டையில் படத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை, கல்யாண ஆல்பத்தில் ஜிகினா எழுத்து உதிர்ந்திருந்தது, பச்சை குத்தின கையில் பச்சை காணாமல் தோல் மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பெயர் போகவில்லை, வேலைக்குப் போகாதவர்களுக்குப் போகவில்லை, சுகிர்தாவிடம் ரத்தம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் போனது.

சுகிர்தா கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொடுக்கிறவள், உப்பளத்துச் சனங்களுக்கு ஏன் இந்த வயதில் சிறுநீரகம் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள மூன்று வருஷம் அந்த வெயிலில் செருப்புத் தேய நடந்தவள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைச் சின்னப் பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டு, முதல் வருஷம் ஒரு தடவையும் மறு வருஷம் ஒரு தடவையும் ரத்தம் எடுத்தாள். எந்த எண் எந்த ஆள் என்று சொல்லும் பட்டியல் அவளிடம் மட்டும் இருந்தது. ஆராய்ச்சி முடிந்ததும் தரவை உலகத்துக்கெல்லாம் பொதுவில் வைக்க வேண்டும், வைக்கும் முன்னால் ஆளை அடையாளம் காட்டும் எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று நெறிமுறைக் குழு எழுதிக் கொடுத்திருந்தது. மற்றவர்கள் இதைச் செய்வதுபோலச் செய்துவிட்டு ஒரு பென்டிரைவில் எங்கேயாவது ஒரு நகலைப் போட்டு வைப்பார்கள். சுகிர்தாவுக்கு அந்த அரைகுறை வேலையெல்லாம் தெரியாது. மாத்திரை அட்டையைக்கூடப் பெயரைக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். மூன்று நகல்களையும் அழித்து, ஒப்புதல் படிவங்களை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டாக்கி, இணையத் தரவுக் களஞ்சியத்தில் கோப்பை ஏற்றி, 'பெயர்கள் முழுமையாக நீக்கப்பட்டன' என்ற இடத்தில் டிக் அடித்தாள். ஆமாம், முழுமையாகத்தான் நீக்கினாள்.

ஊர் அழுதுகொண்டா உட்கார்ந்திருக்கும்? மறுநாள் உப்பு வாரவேண்டாமா? கழுத்தில் மாட்டின அட்டைகளைப் பரணிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் தேடி எடுத்தார்கள். உ-1 முதல் உ-214 வரை. 'உ' எல்லாருக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டு, "ஏ நாப்பது, இங்க வாடே", "நூத்தியேழு மதினி வீட்டுல கொழம்பு வாங்கிட்டு வா" என்று ஒரு வாரத்தில் வாய் பழகிவிட்டது. ரேஷன் கடைக்காரர் முதல் நாள் குதித்தார், மூன்றாம் நாள் எண்ணை எழுதிக்கொண்டு அரிசி போட்டார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட பூசாரி, "முப்பத்தாறு, சுவாதி நட்சத்திரம்" என்று சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சாமியிடம் சொன்னார். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பத்து எண்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. தங்கள் வீட்டுப் பெண்ணை நூற்றுக்கு மேலே கொடுப்பதா என்று ஒரு சம்பந்தம் தட்டியும் போனது.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அந்த ஊரில் இன்னும் இருந்தார்கள். அவர்கள் இப்போது புருஷன் எண்ணைச் சொல்வதில்லை. ஒன்பதின் பெண்டாட்டி உப்புப் பெட்டி எண்ணும்போது எட்டு முடிந்ததும் "எட்டுக்கு மேல" என்று சொல்லிப் பத்துக்குத் தாவினாள். அறுபதின் பெண்டாட்டி பஸ்ஸில் எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்ட யாருக்கோ, வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் என்று மட்டும் சொன்னாள். டீக்கடையில் ஒருவர், "வெளியூர்க்காரன் கேட்டா தைரியமாச் சொல்லுங்கடே, நம்மூரு பேர் போன ஊரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் சொன்னவரை எண் தவிர வேறெப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. பிள்ளைகளின் பெயர் இருந்ததே. ஜெபராணி அம்மா, மாரிச்செல்வம் அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டால் எண்கூட வேண்டியதில்லை. எழுபத்துமூன்றுக்கு மட்டும் அந்த வழியும் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகன். அவனும் அம்மாவோடு அளத்துக்குப் போனவன், அம்மாவோடு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தவன், அவன் எண் எழுபத்துநாலு. கால் வீங்கி, முகம் வீங்கி, இருபத்துமூன்று வயதில் செத்துப்போனான். கல்லறையில் சிமெண்டில் ஈரம் காயும் முன் குச்சியால் எழுதிய அவன் பெயர் அந்தத் திங்கட்கிழமையோடு போய்விட்டது, அவள் இடது கையில் பச்சை குத்தியிருந்ததும் போய்விட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு எண் போதும், கூப்பிட்டால் திரும்புவான். செத்தவனை எதைச் சொல்லி அழுவது? அவள் வாயைத் திறந்து "ஏ என்னப் பெத்த ஐயா" என்று தொடங்கி, அடுத்த வார்த்தையில் பெயர் வரவேண்டிய இடத்தில் காற்று மட்டும் வந்து, அழுகை பாதியில் தொங்கி நிற்கும்.

அப்படி ஒரு மாதம் தொங்கின பிறகு அவள் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள்.

"டீச்சர், எம்மவன் பேரு ஒங்ககிட்டதானே இருக்கு. குடுத்துருங்க."

சுகிர்தாவுக்கு அவள் முகம் தெரிந்தது. அந்த வீட்டு முற்றம், அவள் கொடுத்த பதநீர், பக்கத்தில் நின்று ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பையன், எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் தெரியவில்லை.

"அழிச்சிட்டேன்மா. சட்டம் அப்படி. உங்க பேரு வெளில தெரியக்கூடாதுன்னுதான்."

"வெளில தெரியாண்டாம். எனக்குத் தெரியாண்டாமா?"

ஆளைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தோம் என்று நினைத்திருந்த சுகிர்தா, அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வரத் தொடங்கினாள். மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை. வருவாள், துறை வாசல் பெஞ்சில் உட்காருவாள், "கெடச்சுதா?" என்பாள், போவாள்.

ஐந்தாவது செவ்வாய்க்கு முந்தின நாள் முதல் மின்னஞ்சல் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஒரு நாட்டில் இதே நோயில் சாகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். உங்கள் தரவைத் திறந்து ஒரு ராத்திரி, ஒரு பகல் உட்கார்ந்து படித்தேன், எழுபத்துமூன்றாம் எண்ணிடம் வந்தபோது என் நோயாளி ஒருத்தி ஞாபகம் வந்து மனசு கனத்தது, அப்போதிலிருந்து என் வாயில் ஒரு சொல் கிடக்கிறது, குனிந்து ஷூ கயிறு கட்டும்போதெல்லாம் வெளியே வருகிறது, யார் அவள் என்று என் மனைவி கேட்கிறாள், தயவுசெய்து இது என்னவென்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை அவருக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருந்தார். சுகிர்தா அதை இரண்டு மூன்று விதமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் முதுகுப் பக்கம் போய் நின்று, மெதுவாக, "சுயம்புக்கனி" என்றாள்.

அவள் சடாரென்று திரும்பினாள். திரும்பின முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் இருந்தது, அது பொய்யில்லை. பிறகு, "இது நான்லா. அவன் எங்க?" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. யாரெல்லாம் அந்தக் கோப்பைத் தேவைப்பட்டுத் திறந்து, எண்களுக்குள் ஒரு ஆள் இருப்பதை உணர்ந்து படித்தார்களோ, அவர்கள் வாயில் ஆளுக்கொரு பெயர் விழுந்தது, ஒரு வாய்க்கு ஒன்றுதான். ஒரு நாட்டில் ஒரு பெண் பாத்திரம் கழுவும்போது 'தங்கபுஷ்பம்' என்றாள், இன்னொரு ஊரில் ஒரு மாணவன் ரயிலில் தூங்கி விழித்து 'இசக்கிதுரை' என்று கத்தினான். சுகிர்தா வாராவாரம் பட்டியலோடு வெள்ளைமேட்டுக்குப் போய்ச் சாவடியில் நின்று வாசிப்பாள், யாருக்கு முதுகு சிலிர்த்துத் தலை திரும்புகிறதோ அவருடையது அது. சிலது போன மாதிரியே திரும்பவில்லை. பேச்சிமுத்து அந்நிய நாக்கில் அடிபட்டு 'பெச்சிமூது' என்று வந்து சேர்ந்தார், அதற்குத்தான் அவர் தலை திரும்பியது, ரேஷன் கார்டிலும் அப்படியே ஏறிவிட்டது. "கழுத கெடக்கு, வந்துதே" என்று அவர் சமாதானமானார்.

ஒன்றரை மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டது. மின்னஞ்சல் இல்லை, கடிதம் இல்லை. சுயம்புக்கனி செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்தாள்.

ஏன் நின்றது என்று கோப்பை வரிவரியாகப் பார்த்தபோதுதான் சுகிர்தாவுக்கு விஷயம் புரிந்தது. வெளியிடும் முன்னால் தரவைச் சுத்தம் செய்வது என்று ஒரு வேலை உண்டு. முழுமையில்லாத வரிகளைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு வரிகளில் முதல் வருஷ ரத்தம் இருந்தது, இரண்டாம் வருஷ ரத்தம் இல்லை. அவள் ஒரு கணம்கூட யோசிக்காமல் இரண்டையும் நீக்கியிருந்தாள். உ-11, உ-74. கோப்பில் இல்லாதவனை உலகத்தில் யார் திறந்து படிப்பார்கள்? அவன் பெயர் யார் வாயில் போய் விழும்?

மறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள். செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டாள்.

"அவன் ரெண்டாவது தடவ ரத்தம் குடுக்கல. அதனால எடுத்துட்டேன்மா."

சுயம்புக்கனி புரியாமல் பார்த்தாள். "அவன் செத்துல்லா போனான். எப்படி வந்து குடுப்பான்?"

"ஆமா."

"அளத்துல நிக்கவங்களுக்குச் சீக்கு வந்து சாவுதாங்கன்னு எழுதத்தான வந்திய? செத்தவனையே எடுத்துப்போட்டா, அப்புறம் யாரு செத்தான்னு எழுதியிருக்கிய?"

யாரும் செத்ததாக எழுதவில்லை. கட்டுரை வெளிவந்துவிட்டது, அட்டவணையில் இறப்பு என்ற இடத்தில் சைபர் போட்டிருந்தது. அதை மூன்று பேர் சரிபார்த்திருந்தார்கள்.

சுகிர்தா அந்த வாரமே பத்திரிகைக்குத் தவறு என்று எழுதினாள், துறைத்தலைவர் திட்டியதை வாங்கிக்கொண்டாள், இரண்டு வரிகளையும் சேர்த்துக் கோப்பின் இரண்டாம் பதிப்பை ஏற்றினாள். ஆனால் முதல் பதிப்பை எடுத்து வேலையை முடித்தவர்கள் இரண்டாவதை எதற்குத் திறக்கப் போகிறார்கள்? எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் இடத்தில் சைபர் இருந்தது, மறுநாளும் சைபர், பத்து நாள் கழித்தும் சைபர். அவள் தானே திறந்து பார்த்தாள், எத்தனை முறை பார்த்தும் அவள் வாயில் ஒன்றும் விழவில்லை, அழித்தவளுக்குக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. மாணவர்களைத் திறக்கச் சொன்னாள். டீச்சர் சொன்னதற்காகத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்து, மூடினார்கள். எண்ணிக்கை சைபரிலிருந்து பதினெட்டுக்கு ஏறியது, பெயர் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வரிகளையும் வாசித்துக் காட்டினாள், பதினொன்று யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எழுபத்துநாலு என்றதுமே அவர்களுக்கு அவன் முகம் வந்துவிட்டது, அவன் கபடி ஆடினது வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்களே தவிர வரி ஒருவர் காதிலும் ஏறவில்லை.

சுயம்புக்கனி மட்டும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "எம்புள்ளைய நம்பரா என்னால கேக்க முடியாது டீச்சர்." வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு செவ்வாயும் ஒரே கேள்வி கேட்டாள். "யாராவது தெறந்தாவளா?"

"தெறந்தாங்கம்மா. படிக்கல."

தை பிறந்து அளம் திறக்கிற வாரத்தில், இனிமேல் செவ்வாய்க்கிழமை வர முடியாது என்று ஆனபோது, அவள் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க. ஆனது ஆவட்டும்."

சுகிர்தா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் பதிப்பைத் திறந்தாள், புதிதாகச் சேர்த்த இரண்டு வரிகளை மட்டும் பிரித்தெடுத்தாள், வாசிக்கத் தொடங்கினாள். வரிசை எண்படி வாசித்தாள். வாழ்நாள் முழுக்க அவள் எதையும் வரிசை எண்படிதான் வாசித்திருக்கிறாள்.

"உ-11. ஆண். வயசு முப்பத்தெட்டு. எடை நாற்பத்தேழு கிலோ. உப்பள வேலை பதினாறு வருஷம். ஒரு நாளைக்கு வெயிலில் ஒன்பது மணி நேரம். குடிக்கிற தண்ணி ஒண்ணரை லிட்டர். வேலை நேரத்தில் ஒண்ணுக்குப் போறது ஒரு தடவ. கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஒன்பது. வீட்டில் உடனிருப்போர் சைபர்."

"சைபரா?" என்றாள் சுயம்புக்கனி.

"ஆமாம்மா."

"ஒரு ஆளு கூட இல்லாமலா கெடந்தான்? கால் வீங்கிக் கெடக்கும்போது தண்ணி யாரு மோந்து குடுத்தா?" என்று கேட்டவள், கேட்டுக்கொண்டே இருக்கும்போது, அவளை அறியாமல், அடுத்த வார்த்தையாக, "ஊர்க்காவலன்" என்றாள்.

பெயரைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் ஆள் நினைவுக்கு வந்தது. அளத்து மோட்டார் ரூமில் தனியாகப் படுத்திருந்த கமுதிப் பக்கத்து ஆள். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது, செத்தபோது அளத்து முதலாளிதான் குழி தோண்ட ஆள் விட்டார். அவன் பெயர் போனதை இந்த நாலரை மாதத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை, சுகிர்தாவுக்கும் அது விடுபட்ட ஒரு வரி மட்டும்தான்.

ஒரு வாய்க்கு ஒரு பெயர். அது சுகிர்தாவுக்குத் தெரியும், சுயம்புக்கனிக்கும் தெரியும். கீழே இருப்பதை முதலில் வாசித்திருக்கலாமே பாவி, என்று சுகிர்தா தன்னைத்தானே சபித்துக்கொண்டாள். தலைநிமிராமல் அடுத்த வரியை அவசர அவசரமாக வாசித்தாள். உ-74, ஆண், வயசு இருபத்துமூணு, எடை அம்பத்தொண்ணு, உப்பள வேலை ஏழு வருஷம், தண்ணி ரெண்டு லிட்டர், வீட்டில் உடனிருப்போர் ஒண்ணு.

"அது நான்" என்றாள் சுயம்புக்கனி.

வாயைத் திறந்து காத்திருந்தாள். உதடு அசைந்தது. "ஊர்க்காவலன்" என்றுதான் மறுபடியும் வந்தது. அப்போது அவளுக்குக் கோபம் வந்தது, மேசையில் கையால் ஓங்கி அடித்தாள், "இந்தப் பேரு எனக்கு எதுக்கு? எவன் பெத்த புள்ள பேரு எனக்கு எதுக்கு?" என்று கத்தினாள், அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சுகிர்தா எழுந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேன்மா, தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் காலைத் தொட்டபோது அந்தக் கால் சூடாகவும் லேசாக வீங்கியும் இருந்தது.

நெடுநேரம் கழித்துச் சுயம்புக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவனத் தேடி யாரும் வரமாட்டாவளா டீச்சர்? இந்தக் காவலன?"

"யாரும் இல்லம்மா. எங்கிட்ட இருந்த தகவல் அவ்வளவுதான்."

"எம்மவனை எங்கயாவது ஒருத்தராவது வாசிப்பாவளா?"

வாசிப்பாங்க என்று சொல்ல வாய் வந்தது. இனிமேல் இவளிடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்று சுகிர்தா நினைத்தாள்.

"தெரியலம்மா."

சுயம்புக்கனி தலையாட்டினாள். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"சரி. அதுவரைக்கும் இவன நான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நாலே கால் பஸ்ஸுக்கு நடந்தாள்.